வாயில் ஐஸ்: கீமோவில் வைப்பது எப்படி, கரண்ட் வைக்கும்போது ஏன் பயன்படாது

புற்றுநோய் சிகிச்சையில் வாய் வெந்து புண்ணாவதைத் தடுக்க ஐஸ் கட்டியைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் எல்லாச் சிகிச்சைக்கும் அது பொருந்தாது. நன்றாகச் சோதித்து உறுதியானவை இரண்டு இடங்கள்தான். ஒன்று, 5-எஃப்யு (ஃப்ளூரோயுராசில்) மருந்தை மொத்தமாக ஒரே தடவையில் நரம்பில் செலுத்தும் கீமோ; இப்படிச் செலுத்துவதை வார்டில் ‘புஷ்’ என்பார்கள். இன்னொன்று, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் சொந்த ஸ்டெம் செல்லைத் திருப்பி ஏற்றுவதற்கு முன்பு கொடுக்கும் அதிக அளவு மெல்ஃபலான். கதிர்வீச்சுக்கு, அதாவது ஊரில் நாம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் சிகிச்சைக்கு, ஐஸ் வைத்துப் பாதுகாக்கும் முறை எதுவும் இன்றுவரை நிலைபெறவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆதரவு சிகிச்சைச் சங்கமும் பன்னாட்டு வாய்ப் புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2020-ல் புதுப்பித்த வாய்ப்புண் வழிகாட்டியும் இப்படித்தான் பிரிக்கிறது.

கீமோவுக்கான செய்முறையை முதலில் சொல்லிவிட்டு, கரண்ட் வைக்கும்போது இது ஏன் உதவுவதில்லை, பதிலாக என்ன செய்யலாம் என்பதற்கு அடுத்து வருகிறோம்.

குளிர் என்ன செய்கிறது

குளிர் பட்டதும் வாயின் உள்சவ்வில் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தம் குறைவாக வந்தால் அதில் கலந்திருக்கும் மருந்தும் குறைவாகத்தான் வந்து சேரும். மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமும் வாய் குளிர்ந்திருக்கும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். அது தவறினால் எத்தனை கிலோ ஐஸ் சப்பினாலும் பலன் இல்லை.

5-எஃப்யு ரத்தத்தில் பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிடம் ஆகும். ஊசியில் புஷ் செய்து அரை மணி நேரம் கழிந்தால் பெரும்பகுதி போய்விடும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் புஷ்ஷுக்கு 5 நிமிடம் முன்பு தொடங்கி மொத்தம் 30 நிமிடம் ஐஸ் வைத்தார்கள்; புண் கணிசமாகக் குறைந்தது. பிறகு அதே ஐஸை 60 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் ஏதும் இல்லை. இன்றும் 30 நிமிடம்தான் கணக்கு.

இதே 5-எஃப்யு மருந்தையே பம்ப்பில் 46 மணி நேரம் ஏற்றும்போது ஐஸுக்கு வேலை இல்லை. இரண்டு நாள் முழுக்க யாராலும் வாயைக் குளிரவைக்க முடியாது. உடம்புக்குள் போய் 5-எஃப்யுவாக மாறும் கேப்சிடபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

டே கேர் வார்டில் படுப்பதற்கு முன்பே மருத்துவரிடமோ கீமோ நர்ஸிடமோ கேட்டுவிடுங்கள். என் மருந்துப் பட்டியலில் ஆக்சாலிபிளாட்டின் இருக்கிறதா? 5-எஃப்யு புஷ்ஷா, பம்ப்பா, இரண்டுமா? புஷ் சுமார் எத்தனை மணிக்கு வரும்?

முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் ஐஸ் கூடாது. விஷயம் அதோடு முடிந்தது. ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் மின்சாரம் அடித்ததுபோல் சுண்டும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே நின்றுவிட்டதுபோல ஒரு பயம் வரும். ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரினாக்ஸ், ஃப்ளாட் போன்ற கூட்டு மருந்துத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இந்த மருந்து உண்டு. ஃபோல்ஃபாக்ஸில் 5-எஃப்யு புஷ்ஷும் அதே நாளில் வருவதால்தான் குழப்பம் நேர்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் ஐஸ் சப்புகிறார் என்று பார்த்து நாமும் சப்புவது ஆபத்து. அவருடைய மருந்து வேறாக இருக்கும்.

ஃபோல்ஃபிரி திட்டத்தில் இரினோடெக்கான், லூகோவோரின் ஏறி முடிந்த பிறகு சதுர மீட்டருக்கு 400 மி.கி. 5-எஃப்யு புஷ், அதன்பின் பம்ப். இங்கே அந்தப் புஷ்ஷுக்கு ஐஸ் வைக்கலாம். பழைய சி.எம்.எஃப் போன்ற மார்பகக் கீமோக்களிலும் புஷ் உண்டு. மருத்துவர் சரி என்று சொன்னால் வைக்கலாம்.

வேறு சிலருக்கும் ஐஸ் கூடாது. குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட் தொல்லை, குளிர் பட்டால் தடிப்பு வருவது, ரத்தத்தில் கிரையோகுளோபுலின் என்ற, குளிரில் திரளும் புரதம் இருப்பது ஆகியவை காரணங்கள். மைலோமா நோயாளிகள் சிலருக்கு இந்தக் கடைசிப் பிரச்சினை இருக்கலாம். மெல்ஃபலானுக்கு முன் நினைவூட்டிக் கேளுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், சொன்னால் புரிந்து செய்ய முடியாத சிறு குழந்தைகள், வாயிலேயே கட்டி உள்ளவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம். வாயில் கட்டி இருப்பவருக்கு ஐஸ் வைத்தால் மருந்து போய்ச் சேர வேண்டிய கட்டிக்கே போகாது.

ஐஸ் தயாரிப்பு

நல்ல தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றிய டிரேயில் நிரப்புங்கள். ஃப்ரீசரில் மீன், இறைச்சி இருந்தால் டிரேயை மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். சிறு கட்டிகள் உறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவே வைத்துவிடுவது நல்லது.

கடையில் விற்கும் கட்டி ஐஸ், மீன் ஐஸ், ஜூஸ் கடை ஐஸ், வண்டியில் வரும் குச்சி ஐஸ் எதுவும் வேண்டாம். எந்தத் தண்ணீரில் உறையவைத்தது என்று யாருக்கும் தெரியாது. கீமோவுக்குப் பின் வெள்ளணு குறையப்போகிற உடம்பு இது. ஆஸ்பத்திரியிலேயே ஐஸ் மெஷின் இருந்தாலும், அதன் குழாயிலும் தொட்டியிலும் கிருமி தங்குவது தெரிந்த விஷயம். மெல்ஃபலான் எடுக்கும் ஸ்டெம் செல் மாற்று வார்டில் அங்குள்ளவர்கள் தரும் ஐஸை மட்டும் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஐஸ், சுமார் 15 கிராம், வாய்க்குள் இரண்டு மூன்று நிமிடத்தில் கரைந்துவிடும். 30 நிமிடத்துக்கு 150 முதல் 225 கிராம் போகும். கையில் 400 கிராம் வைத்திருங்கள், புஷ் தள்ளிப்போனாலும் கைகொடுக்கும்.

கட்டியாக வைப்பதைவிடப் பொடித்து வைப்பது நல்லது. முழுக் கட்டி ஒரே இடத்தில் கிடந்து அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும். மற்ற இடம் சூடாகவே இருக்கும். கட்டிகளைத் தடித்த ஜிப் கவரில் போட்டு, மேலே துண்டு சுற்றிப் பூரிக்கட்டையால் தட்டுங்கள். சுண்டைக்காய் அளவுத் துண்டுகள் போதும். துணியில் நேரடியாகச் சுற்றித் தட்டினால் நூல் ஒட்டிக்கொள்ளும். மிக்ஸியில் பொடிப்பதானால் ஒரு கைப்பிடி போட்டு விட்டுவிட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் பாதி தண்ணீராகிவிடும்.

பொடித்த ஐஸ் முனைகள் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாக இருக்கும். ஆறவைத்த கொதித்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்கி வடித்தால் முனைகள் மழுங்கிவிடும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த, கழித்தல் 18 டிகிரியில் இருக்கும் காய்ந்த ஐஸ் நாக்கிலும் உதட்டிலும் ஒட்டிப் பிடிக்கும். பிய்த்து எடுத்தால் தோல் உரியும். ஈரம் பூசிய ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிட்டதால் ஒட்டாது. பூஜ்ஜியமே போதுமான குளிர்தான், அதற்குக் கீழே போவதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

எடுத்துச் செல்ல, வாய் அகன்ற எவர்சில்வர் ஃப்ளாஸ்க் சரியானது. முதலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு ஐஸை நிரப்புங்கள். பேருந்தில் மூன்று மணி நேரம் வருகிறவர்கள் பொடிக்காமல் கட்டியாகவே கொண்டுவந்து, அங்கே பொடித்துக்கொள்ளலாம். கட்டி மெதுவாகக் கரையும். எலுமிச்சை, ஆரஞ்சு, நன்னாரி என்று எதையும் கலக்க வேண்டாம். புளிப்பு சவ்வை அரிக்கும், சர்க்கரை பல்லுக்கு ஆகாது. வெறும் தண்ணீர்தான் சரி.

வைக்கும் முறை

கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதை மாட்டியபடி இருந்தால் அதன் அடியில் குளிர் போகாது. வாயை ஒருமுறை கொப்பளியுங்கள்.

நர்ஸ் ‘இப்போ 5-எஃப்யு புஷ் போடப்போறேன்’ என்று சிரிஞ்சை எடுத்துவரும்போது தொடங்கக் கூடாது, அதற்கு 5 நிமிடம் முன்பே தொடங்க வேண்டும். புஷ் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சவ்வு குளிர்ந்து குழாய் சுருங்க அந்த 5 நிமிடம் தேவை. வேலை மிகுந்த வார்டில் நர்ஸுக்கு இது நினைவிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். லூகோவோரின் பாட்டிலில் கால்வாசி மிஞ்சும்போதே துணைக்கு வந்தவர் போய்ச் சொல்லி வைக்கட்டும்.

நிறையப் பேர் செய்கிற பிழை இதற்கு நேர் எதிரானது. காலை 9 மணிக்கு வாந்தி மருந்து ஏறும்போதே ஐஸைத் தொடங்கிவிடுகிறார்கள். 11.30-க்குப் புஷ் வரும்போது ஃப்ளாஸ்க்கில் தண்ணீர்தான் இருக்கும்.

ஒரு கரண்டி ஐஸை வாயில் போட்டதும் பொதுவாக நாக்கின் மேல் வைத்துக் கரைய விடுவார்கள். அங்கே வைப்பதில் பெரிய பலன் இல்லை. நாக்கின் மேல்பரப்பு, மேலண்ணத்தின் முன்பகுதி, பல் ஈறு மூன்றும் தடித்த தோல் மூடியவை. கீமோவில் புண்ணாவது குறைவு. புண் வருவது மெல்லிய சவ்வில்: கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் பக்கவாட்டு, நாக்கின் அடி, அதற்குக் கீழே உள்ள தரைப்பகுதி, உள்நாக்கை ஒட்டிய மேலண்ணத்தின் பின்பகுதி. ஐஸ் போக வேண்டிய இடம் இவை. பாதியை நாக்கின் கீழே தள்ளுங்கள், மீதியை ஒரு கன்னத்துக்குள் ஒதுக்குங்கள். அடுத்த கரண்டியில் மற்றக் கன்னம். அதற்கடுத்தது கீழ் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில். கரைந்த குளிர்நீரை உடனே விழுங்காமல் வாய் முழுக்கச் சுழற்றிவிட்டு விழுங்குங்கள், அல்லது துப்புங்கள். கடித்து நொறுக்க வேண்டாம்.

முந்தையது முழுதும் கரைவதற்கு முன்பே அடுத்தது உள்ளே போக வேண்டும். ஒரு நிமிடம் வாய் வெறுமையாக இருந்தாலே குழாய்கள் மறுபடி விரியத் தொடங்கும். எனவே அந்த அரை மணி நேரம் பேச்சு வேண்டாம், போன் வேண்டாம். துணைக்கு இருப்பவர் ஃப்ளாஸ்க்கும் கரண்டியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் 30 நிமிட டைமர் வைத்துக்கொள்வது நல்லது.

முடிந்ததும் சூடாக ஒரு காபி வேண்டும் என்று தோன்றும், வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் வந்தும் இருக்கும். இன்னும் அரை மணி நேரம் அதைத் தொட வேண்டாம். சூடு உள்ளே போனால் சுருங்கியிருந்த குழாய்கள் சட்டென்று விரிந்து, மிச்சமிருக்கும் மருந்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இடையில் வரும் தொல்லைகள்

பல் கூசுவதுதான் அதிகம் வரும் புகார். சொத்தைப் பல், தேய்ந்த பல் இருந்தால் தாங்க முடியாது; கீமோ தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி அடைத்துக்கொள்வது இதற்கும் நல்லது, பின்னால் வரும் தொற்றைத் தடுக்கவும் நல்லது. கூசும் பக்கத்தைத் தவிர்த்து நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளலாம்.

நெற்றிப்பொட்டில் சுரீர் என்று வலித்தால் ஐஸ் மேலண்ணத்தில் படுகிறது என்று அர்த்தம். நாக்கின் கீழே தள்ளிவிட்டு அரை நிமிடம் பொறுத்தால் போய்விடும். உடம்பு நடுங்கினால் போர்வை போர்த்திக்கொள்ளுங்கள், காலுறை போட்டுக்கொள்ளுங்கள்; உடம்பு சூடாக இருப்பதால் வாய்க்குக் கிடைக்கும் பலன் குறையாது. குமட்டினால் விழுங்குவதை நிறுத்தித் துப்புங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று தூக்கம். அலர்ஜிக்காக முன்கூட்டியே போடும் ஃபெனிரமைன் ஊசி பலரைக் கண்ணயரச் செய்யும். அரைத்தூக்கத்தில் வாயில் ஐஸ் இருந்தால் புரையேறும். கண் சொருகுகிறது என்றால் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவையுங்கள்; விழித்திருக்க முடியவில்லை என்றால் இந்தச் சுற்றில் ஐஸை விட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் முதல் சுற்றிலேயே சில நாட்களுக்குள் வாய் முழுக்க வெந்து, வயிற்றுப்போக்கும் கடுமையாக வந்தால், பிரச்சினை ஐஸில் இல்லை. 5-எஃப்யுவை உடைக்கும் டி.பி.டி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டிய அவசரம் இது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கக் கூடாது.

மெல்ஃபலானுக்கு

வழக்கமான அளவு சதுர மீட்டருக்கு 200 மி.கி.; வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பெரும்பாலும் 140. இந்த மருந்து கரைத்துவைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் பார்மசியிலிருந்து வந்ததும் ஏற்றிவிடுவார்கள்; 15 முதல் 30 நிமிடத்தில் முடியும். ஆகவே இங்கே நேரம் கணிப்பது எளிது, ‘மருந்து கரைக்கச் சொல்லியாச்சு’ என்ற செய்தி வந்ததும் ஐஸைக் கையில் எடுக்கலாம்.

ரத்தத்தில் இது 5-எஃப்யுவைவிட நெடுநேரம் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம்வரை ஆகும் பாதியாக. அதனால் ஐஸும் நீளம். பழைய திட்டங்கள் 6, 7 மணி நேரம்கூடச் சப்பச் சொன்னன. பின்னால் வந்த ஒப்பீடுகளில் 2 மணி நேரமே அதற்கு இணையாக நின்றது. நோயாளிகள் கடைசிவரை தாக்குப்பிடித்ததும் அதில்தான். 7 மணி நேரம் எழுதிவைத்து மூன்றாவது மணியில் கைவிடுவதைவிட 2 மணி நேரம் இடைவெளியில்லாமல் வைப்பது மேல் என்பது எங்கள் கருத்து. உங்கள் வார்டின் திட்டம் எதுவோ அதைப் பின்பற்றுங்கள்.

2 மணி நேரத்துக்கு 600 முதல் 900 கிராம் ஐஸ் போகும். எல்லாம் விழுங்கினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர். வார்டில் உள்ளே போகும் நீர், வெளியேறும் சிறுநீர் இரண்டையும் அளக்கிறார்கள், இதையும் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் துப்பிவிடுவது நல்லது. கழிப்பறை போகும்போதும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டே போகலாம்.

கரண்ட் வைக்கும்போது ஏன் இது எடுபடுவதில்லை

கதிர்வீச்சு ரத்தத்தின் வழியாக வருவதில்லை. அதனால் ரத்தக் குழாயைச் சுருக்கி அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. கதிர் பட்டவுடன் செல்லுக்குள் உண்டாகும் வேதிக் கீறல்களை ஆக்சிஜன் நிலைப்படுத்திவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும். குளிர் ரத்தத்தைக் குறைத்தால் ஆக்சிஜனும் குறையும், செல் தப்பும் என்பது யோசனை. தோலை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றினால் கதிர்ப் புண் குறைகிறது என்பதை 1909-லேயே வியன்னாவில் கவனித்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டால் யோசனை தடுக்கி விழுகிறது. ஆக்சிஜனின் விளைவு பாதியாகக் குறைய அதன் அழுத்தம் சுமார் 3 மி.மீ. பாதரசம் வரை இறங்க வேண்டும். நல்ல திசுவில் 40 இருந்து, ஐஸ் வைத்து அதைப் பாதியாக, 20 ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கதிருக்கு ஈடுகொடுக்கும் திறன் ஏறக்குறைய 4 விழுக்காடுதான் மாறும். புண் வருவதில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. மாறாக, கட்டியும் அதே வாயில்தான் இருக்கிறது. கட்டிக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. அதில் இன்னும் கொஞ்சம் குறைந்தால் கதிருக்குத் தப்பிப் பிழைக்கும். கதிர்வீச்சுக்குத் துணையாகக் கட்டியைச் சூடேற்றும் சிகிச்சை ஒன்று இருக்கிறதே, அது இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்வது.

செய்முறைச் சிக்கலும் உண்டு. தலை, கழுத்துப் பகுதிக்குக் கரண்ட் வைக்கும்போது முகத்தோடு ஒட்டும் பிளாஸ்டிக் மாஸ்க் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். மல்லாந்து படுத்து, வாய் திறக்க முடியாத நிலையில், ஆள் வெளியே போய்க் கதவு மூடிய அறையில் ஐஸ் கரைந்து தொண்டைக்குள் இறங்கினால் இருமக்கூட முடியாது. திட்டம் போட்டபோது எடுத்த ஸ்கேனில் நாக்கு எங்கே இருந்ததோ அங்கேதான் தினமும் இருக்க வேண்டும். ஐஸ் அதை நகர்த்திவிடும். இதை 30, 35 நாள் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோஸ்டேட் சிகிச்சையில் மலக்குடலைக் குளிர்நீரால் குளிரவைக்கும் யோசனையை ஆராய்ந்திருக்கிறார்கள். அது வழக்கமான சிகிச்சைக்கு வந்துசேரவில்லை.

நல்ல திசுவைக் கதிரிலிருந்து காப்பாற்ற உண்மையில் கைகொடுப்பது தூரம். நாக்கையோ மேலண்ணத்தையோ கதிர்ப்பாதையிலிருந்து விலக்கிவைக்கும் வாய்க்கட்டை ஒன்றைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தர முடியும். மாஸ்க் வார்க்கும் நாளுக்கு முன்பே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். வாயில் உலோக அடைப்பு, உலோகத் தொப்பி போட்ட பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உலோகத்தில் பட்ட கதிர் சிதறித் திரும்பி, அதை ஒட்டிய கன்னத்திலும் நாக்கிலும் தனியாகப் புண் உண்டாக்கும். பல்லுக்கும் சதைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பல்லுறை மாட்டினாலே அந்தச் சிதறல் நின்றுவிடும்.

வாய்ப் பராமரிப்புக்கு: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. தினமும் புதிதாகக் கலக்கி, விழித்திருக்கும் நேரமெல்லாம் 2 முதல் 4 மணிக்கு ஒருமுறை கொப்பளிக்க வேண்டும். 0.15 விழுக்காடு பென்சிடமின் கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் எழுதித் தந்தால் முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள், புண் வந்தபின் தொடங்கினால் எரியும். குறைந்த சக்தி லேசர் சிகிச்சை உள்ள மையமாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்; வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைக்கும் சிலவற்றில் அதுவும் ஒன்று. தேனுக்கும் ஓரளவு ஆதரவு உண்டு, வாயில் சுழற்றி விழுங்குவது வழக்கம். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது, பிறகு வாயைக் கொப்பளிக்காவிட்டால் பல்லும் போகும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், வெற்றிலை பாக்கு, புகையிலை, காரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

சிவப்பு இரண்டாவது வாரத்தில் தெரியும், புண் மூன்றாவது வாரத்தை ஒட்டித் தொடங்கும், சிகிச்சை முடிந்தும் சில வாரம் நீடிக்கும். அந்தச் சமயத்தில் குளிர்ந்த மோர், ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த கேழ்வரகுக் கூழ், நுங்கு, வீட்டில் செய்த ஐஸ் தாராளமாகக் கொடுக்கலாம். எரிச்சல் அடங்கும், நாலு வாய் கூடுதலாக இறங்கும். ஆனால் இது வலிக்கு ஆறுதல். புண்ணைத் தடுக்கும் மருந்தாக நினைத்து மற்றவற்றை விட்டுவிட வேண்டாம்.

கரண்ட் வைத்த தோலின்மேல் ஐஸ் பை வைக்கவே கூடாது. அந்தத் தோலில் உணர்ச்சி மங்கியிருக்கும், குளிர் சுட்டுக் கொப்புளம் வந்தபின்தான் தெரியும். வெந்நீர் ஒத்தடமும் அப்படியே. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது போதும். சிகிச்சைக்குக் கிளம்பும் முன் களிம்பைத் தடிப்பாக அப்பிக்கொள்ளாதீர்கள், மேல்தோல் வாங்கும் கதிர் கூடும். தொழில்நுட்பர் போட்ட கோடுகளை அழிக்க வேண்டாம்.

உறைந்த கையுறையும் குளிர் தொப்பியும்

இவையும் கீமோவுக்கே உரியவை. டோசிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறும்போது நகம் கருத்துக் கழலாமல் இருக்க உறைந்த ஜெல் கையுறை போடுவார்கள்: மருந்துக்கு 15 நிமிடம் முன்பு, ஏறும் ஒரு மணி நேரம், முடிந்து 15 நிமிடம், குளிர் இறங்கிவிடும் என்பதால் 45-ஆவது நிமிடத்தில் ஜோடி மாற்ற வேண்டும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை கட்டாயம். தலைமுடிக்கான குளிர் தொப்பியை அரை மணி முன்பு தொடங்கி மருந்து முடிந்தும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வைப்பார்கள். பாக்லிடாக்செல், டோசிடாக்செலில் நன்றாக எடுபடும், அட்ரியாமைசினில் குறைவு, ரத்தப் புற்றுநோய்களுக்குப் போடுவதில்லை. தலைக்குக் கரண்ட் வைப்பவர்களுக்கு இந்தத் தொப்பியால் பயனில்லை.

எப்போது ஆஸ்பத்திரிக்கு அழைக்க வேண்டும்

கீமோவுக்குப் பின் வாய்ப்புண் 4 முதல் 7 நாளில் தலைகாட்டி இரண்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். வெள்ளணு குறையும் காலமும் அதுவே. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் இரவானாலும் கிளம்புங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்கவில்லை, வாயில் வெள்ளைப் படலம் படிந்து துடைத்தால் ரத்தம் வருகிறது, நிற்காமல் ரத்தம் கசிகிறது என்றாலும் அதே அவசரம்தான். அழைக்கும்போது கடைசிக் கீமோ நடந்த தேதியையும் மருந்தின் பெயரையும் முதலில் சொல்லுங்கள்.